நூல் தொய்ந்தே இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நீ போனில் சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "சத்தம் எப்படிம்மா காதுக்கு வருது?" என்று பேரன் கேட்டானாம். நீ ஒரு வீடியோ போட்டுக் காட்டினாயாம். பாதியிலேயே எழுந்து போய்விட்டானாம். அவனைத் திட்டாதே. சத்தத்தைக் கண்ணுக்குக் காட்டினால் அவனுக்கு என்ன பிடிபடும்? அது கையில் பட வேண்டும்.

அவனுக்கு ஒரு நூல் தொலைபேசி செய்து கொடு. இரண்டு பேப்பர் கப், ஐந்தாறு மீட்டர் நூல், ஒரு தீக்குச்சி போதும். குச்சியின் மருந்தை உடைத்துப் போட்டுவிட்டு இரண்டாக ஒடித்துக்கொள். கப்பின் அடியில் நடுவாக ஊசியால் துளை போடு. பென்சிலால் குத்தினால் துளை பெரிதாகி முடிச்சு நழுவிவிடும். நூலை உள்ளே விட்டு அரைக் குச்சியில் கட்டு. இழுத்தால் குச்சி குறுக்கே படிந்து நிற்கும். அடுத்த கப்புக்கும் அப்படியே.

இனிமேல்தான் நீ பொறுமையாக இருக்க வேண்டும். நூல் தொய்ந்து கிடக்கும்போதே ஒரு கப்பில் அவன் பேசட்டும், மற்றதை நீ காதில் வைத்துக்கொள். ஒன்றும் கேட்காது. நீ எதுவும் சொல்லாதே. நகர்ந்து நகர்ந்து பார்ப்பான். எப்போதாவது நூல் விறைக்கும், அவன் கிசுகிசுத்தது உன் காதுக்குள் வந்து விழும். அப்போது அவன் முகத்தைப் பார்.

உனக்கு ஏழு வயதில் இதையே செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? "இழுத்துப் பிடி, அப்போதுதான் கேட்கும்" என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நீயும் பிடித்தாய், கேட்டது, சிரித்தாய். ஏன் என்று கேட்கவே இல்லை. நீயாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை நான் பறித்துக்கொண்டேன். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், நீ பேசும்போது நூலை விரல் நுனியால் லேசாகத் தொடச் சொல். குறுகுறுக்கும். இறுக்கிப் பிடித்தால் பேச்சு அறுந்துவிடும். குரல் கப்பின் அடியை அதிர வைக்கிறது, அது நூலை இழுத்து இழுத்து விடுகிறது, நூல் அடுத்த கப்பை அதிர வைக்கிறது என்று அதற்குப் பிறகு சொன்னால் போதும். காற்றில் குரல் நாலா பக்கமும் சிதறிப் போகிறது. நூலில் ஒரே வழியில் போவதால்தான் அத்தனை மெல்லிய குரலும் வந்து சேர்கிறது.

1665இல் வந்த தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இழுத்துக் கட்டிய கம்பி வழியாக ஒலியை வெகுதூரம் அனுப்பியதை எழுதியிருக்கிறார். பெல்லின் தொலைபேசிக்கு 200 வருடம் முன்னால்!

இன்னொன்றும் செய். வேறொரு சிறிய நூலின் நடுவில் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கட்டு. இரு முனைகளையும் ஆள்காட்டி விரல்களில் சுற்றி, விரல்களைக் காதில் வைத்துக்கொண்டு கரண்டியை மேசையில் லேசாக இடிக்கட்டும். பக்கத்தில் நிற்கும் உனக்கு 'டிங்' என்றுதான் கேட்கும். அவனுக்குப் பெரிய மணி அடித்ததுபோல் இருக்கும். நீயும் ஒரு தடவை செய்து பார், சொன்னால் நம்ப மாட்டாய்.

எவ்வளவு வேகம் என்று கேட்டால் சொல்: காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் சுமார் 1,480, எஃகில் 5,000க்கும் மேல். கேட்டால் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். நூலைச் சுவர் மூலையில் ஒட்டி வளைத்தால் என்ன ஆச்சு என்று அவனிடமே கேட்கப்போகிறேன். நீ முன்னாலேயே சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா