பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நேரமும் ஒரு மறைவான இடமும் தாங்கோ: எங்கட பங்குத்தந்தைக்கும் அருட்பணிச் சபைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஃபாதருக்கும் அருட்பணிச் சபை அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம். தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில, குருவிட்ட மட்டும் தனியச் சொல்லி மன்னிப்புக் கேக்கவேண்டிய பாவத்தை என்ர அம்மா சொல்லேக்க, லைனில நிண்ட எல்லாருக்கும் கேட்டுது எண்டது உங்கள் எல்லாருக்கும் தெரியும். சபைக் கூட்டத்தில இந்தக் கதை வந்தது எண்டும், "வயசான ஆக்கள் சத்தமாத்தான் கதைப்பினம், அதுக்கு என்ன செய்யிறது" எண்டு முடிச்சுப்போட்டியள் எண்டும் கேள்விப்பட்டன். அந்த மறுமொழியாலதான் இதை எழுத வேண்டி வந்தது.

என்ர அம்மாவுக்கு எண்பது தாண்டிட்டுது. இடக்காது சுத்தமாக் கேக்காது, வலக்காதுக்குக் கிட்டப்போய்ப் பலமாச் சொல்லவேணும். அண்டைக்கு வெளியில இருந்து வந்த ஃபாதர்மாருக்கு கோயிலுக்குள்ள பிளாஸ்ரிக் கதிரை போட்டிருந்தது, ஒண்டு பீடத்தடியில, ஒண்டு பக்கவாசலில, ஒண்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில. லைன் கதிரையோட முட்டிக்கொண்டு நிக்குது. அம்மாவுக்கு முழங்காலில இருக்கேலாது, நிண்டபடிதான் சொன்னவ. காது கேக்காத ஆக்களுக்குத் தங்கட குரல் எவ்வளவு சத்தமாப் போகுது எண்டு தெரியாது. ஃபாதர் ஒரு கேள்வி கேட்டவர், அம்மாவுக்குக் கேக்கேல்லை, அவர் திருப்பிப் பலமாக் கேக்க, அம்மா அதைவிடப் பலமா மறுமொழி சொன்னவ. லைனில நிண்ட அவ்வளவு சனத்துக்கும் கேட்டது, பின்னால நிண்ட பெடியள் சிரிச்சவங்கள். நான் அவவின்ர பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், போய் இழுத்துக்கொண்டு வாறதோ என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை.

அவ சொன்னது என்னெண்டு இதில எழுதமாட்டன். பாவசங்கீர்த்தன இரகசியத்தைக் காக்கிற கடமை குருவுக்கு மட்டுமில்லை, எந்த வழியிலயாவது அதை அறிஞ்ச மற்ற ஆக்களுக்கும் இருக்கு எண்டு திருச்சபைச் சட்டம் 983 சொல்லுது. ஆனா பூசை முடிஞ்சு கேற்றடியில ஒரு அக்கா அம்மாவின்ர கையைப் பிடிச்சு அந்த விசயத்துக்கே ஆறுதல் சொன்னவ. நல்ல மனசோடதான் சொன்னவ, ஆனா எல்லாருக்கும் கேட்டிருக்கு எண்டு அம்மாவுக்கு அப்பதான் விளங்கினது.

அதுக்குப் பிறகு அம்மா பூசையில குடுக்கிற நற்கருணை அப்பத்தை வாங்கிறதில்லை. வெக்கத்தில எண்டு முதல் நினைச்சன், கேட்டால் காரணம் வேற. ஃபாதர் கடைசியாச் சொன்ன பாவமன்னிப்புச் செபம் அவவுக்குக் கேக்கேல்லையாம், கண்ணை மூடிக்கொண்டு நிண்டபடியால் சிலுவை போட்டவரோ எண்டும் தெரியாதாம். "மன்னிப்புக் குடுத்தவரோ இல்லையோ தெரியாமல் எப்பிடிப் பிள்ளை போய் வாங்கிறது" எண்டு கேக்கிறா. காதில விழாட்டிலும் மன்னிப்பு மன்னிப்புத்தான் எண்டு சொல்லிப் பாத்தன், நான் சொல்லி அவ நம்பமாட்டா, அதை ஒரு குருதான் சொல்லவேணும். இப்ப ஞாயிறுகளில வாங்கில இருக்கிற எல்லாரும் எழும்பிப் போகேக்க காலை மடக்கி வழி விட்டுப்போட்டுத் தனிய இருக்கிறா. 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வில சாமான் எல்லாத்தையும் விட்டுட்டு வெளிக்கிட்டாலும் செபமாலையை விடாத மனிசி அவ.

ஃபாதர், நாங்கள் கேக்கிறது ரெண்டு விசயம்தான். கிழமையில ஒரு நாள் ஒரு குறிச்ச நேரம் பாவசங்கீர்த்தனத்துக்கு எண்டு வேணும். நடுவில தடுப்போட, மற்ற ஆக்களுக்குக் கேக்காத ஒரு இடம் வேணும். இது எங்களுக்குச் செய்யிற தயவு எண்டு நினைக்காதேங்கோ. நியாயமாக் கேக்கிற விசுவாசிகளுக்கு, அவையளுக்கு வசதியான நாளிலயும் நேரத்திலயும் பாவசங்கீர்த்தனம் கேக்க ஏற்பாடு செய்யவேணும் எண்டு சட்டம் 986 இல இருக்கு. தடுப்பு வச்ச இடம் இருக்கவேணும் எண்டு 964 இல இருக்கு. வருசத்தில ஒருக்காப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும் எண்டது 1215 இல லாத்தரன் எண்ட திருச்சபைப் பொதுச்சங்கம் வச்ச ஆகக்குறைஞ்ச கடமை, எங்கட பங்கில அதுக்கு மேல ஒண்டும் இல்லை எண்ட மாதிரி ஆக்கிப்போட்டியள்.

பாவசங்கீர்த்தனம் கேக்கிற பழைய மரத் தொட்டி மண்டபத்துக்குப் பின்னால பந்தல் சாமானோட கிடக்குது. கோயில் திருத்தேக்க எடுத்தது, திருப்பி வைக்கேல்லை. நிலத்துக்கு மாபிள் போடக் காசு வந்தது, திருவிழாவுக்கு லைற்றும் சவுண்டும் ஒவ்வொரு வருசமும் கூடிக்கொண்டு போகுது, கணக்கு வாசிக்கேக்க நாங்களும் கை தட்டினனாங்கள்தான், ஆனா பாவி ஒருத்தன் வந்து முழங்காலில இருக்க ஒரு மூலை இல்லாத கோயிலுக்கு அவ்வளவு வெளிச்சம் என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கேல்லை.

மாற்கு 7 ஆம் அதிகாரத்தை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. காது கேக்காத மனுசனைக் கொண்டுவந்து விடேக்க, ஆண்டவர் முதல் செய்தது அவனைச் சனக்கூட்டத்தில இருந்து தனியக் கூட்டிக்கொண்டு போனது. அதுக்குப் பிறகுதான் காதைத் தொட்டவர். எங்கட மண்ணில புனித யோசப் வாஸ் 1687 இல பிச்சைக்காரன் வேசத்தில வந்து, கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த ஒல்லாந்தருக்குத் தெரியாமல் யாழ்ப்பாணத்துச் சில்லாலையில இரவிரவா சனத்துக்கு அருட்சாதனம் குடுத்தவர். பிடிபட்டால் என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சும் செய்தவர். 2015 இல பாப்பரசர் காலிமுகத்திடலில அவரைப் புனிதராக்கேக்க எங்கட பங்கில இருந்தும் சனம் போனது.

அம்மாவுக்காக மட்டும் எழுதேல்லை. அந்த லைனில நிண்டு "பொய் சொன்னன், கோவப்பட்டன், பூசைக்கு வரேல்லை" எண்டதுக்கு மேல ஆர் என்ன சொல்லுவினம்? வன்னியில இருந்து வந்த ஆக்கள் எங்கட பங்கில எத்தினை பேர் இருக்கினம். 2009 இல ஷெல்லுக்குள்ள காயப்பட்ட சொந்தக்காரரைத் தூக்கேலாமல் விட்டுட்டு வந்ததை இண்டைக்கும் பாவம் எண்டு சுமக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம், அதாவது ஆன்மாவைச் சாகடிக்கிற பெரிய பாவம், இல்லை எண்டு மறைக்கல்வியில படிப்பிச்சியள். அப்ப அந்தச் சனத்துக்கு ஆர் இருந்து, ஆறுதலாக் கேட்டு, இது உன்ர பாவம் இல்லை எண்டு சொல்லுறது? பூசைக்கு மணி அடிக்க முதல் கிடைக்கிற நேரத்துக்குள்ள அதைச் சொல்லி முடிக்கேலுமோ? பிறகு, வேற கிறிஸ்தவ சபையளுக்குச் சனம் ஓடுது எண்டு பிரசங்கத்தில ஏசிறியள். அங்க பாஸ்டர் பக்கத்தில இருந்து தலையில கை வச்சுச் செபிக்கிறார், முழுக் கதையையும் கேக்கிறார், அதுதான் போகினம். ஏசுறதுக்கு முதல் ஏன் போகினம் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்.

கோவத்தில கொஞ்சம் கூட எழுதிப்போட்டன், பொறுத்துக்கொள்ளுங்கோ. நீங்கள் தனி ஆள், ஒரு பங்கும் கிளைக்கோயில்களும் பள்ளிக்கூட வேலையும் எண்டு ஓடித்திரியிறியள், அது எங்களுக்குத் தெரியும். அதாலதான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும். தொட்டியைக் கறையான் அரிச்சிருந்தால் தச்சுவேலைக் கூலியை எங்கட வட்டாரம் பாத்துக்கொள்ளும், இதைக் கதைச்சுப்போட்டுத்தான் எழுதுறன். காது கேக்காத ஆக்கள் எழுதிக் குடுக்கலாம் எண்டதையும், மன்னிப்புச் செபத்தைப் பெரிய எழுத்தில ஒரு மட்டையில எழுதி அவையள் பாக்கிற மாதிரி வைக்கலாம் எண்டதையும் தயவுசெய்து யோசியுங்கோ.

வாற ஞாயிறு அறிவித்தலில அந்த நாளையும் நேரத்தையும் சொல்லுவியள் எண்டு எதிர்பாக்கிறம். அதுக்கு முதல், ஏலுமெண்டால் ஒரு பின்னேரம் எங்கட வீட்டுக்கு வந்து அம்மாவின்ர வலக்காதுப் பக்கம் இருந்து, அவவுக்கு மன்னிப்புக் கிடைச்சிட்டுது எண்டு நீங்களே சொல்லுங்கோ ஃபாதர்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருத்தி