சலூன் பெஞ்சுக்கு ஒரு பிபி மிஷின் வாங்கணும், உங்களால ஆனத குடுங்க

குடியாத்தத்து அண்ணனுங்க, தம்பிங்க, அக்காங்க எல்லாருக்கும் வணக்கம். கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வசூலுக்கு வந்தா கேள்வி கேக்காம எடுத்து குடுக்குற ஊரு நம்முது, அந்த தைரியத்துல தான் இந்த தடவ வேற ஒண்ணுக்கு கை நீட்டுறோம்.

போன வருசம் நம்ம தெருவுல தறி ஓட்டிகினு இருந்த அண்ணன் ஒருத்தரு நெஞ்சு பிசையுதுன்னாரு. கேஸா இருக்கும்னு பன்னீர் சோடா ஒண்ணு குடிச்சிட்டு, இந்த சேலைய முடிச்சிட்டு போலாம்னு திரும்பவும் தறியில போய் குந்திக்கினாரு. சட்டையெல்லாம் வேர்வைல நனைஞ்சி போச்சு, நாங்களும் இந்த வேலூர் வெயிலுக்கு எவனுக்கு தான் வேர்க்கலன்னு விட்டுட்டோம். ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. வயசு 46. ஒரு தடவ கூட பிபி பாத்துக்கினதே இல்லன்னு அவரு சம்சாரம் சொல்லி சொல்லி அழுதாங்க.

2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வர்றாங்க, நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா அவங்க வர்ற நேரத்துல ஆம்பளைங்க தறியில, ஆம்பூர் ஷூ கம்பெனில, லோடு வண்டில. நாமளே ஆஸ்பத்திரிக்கு போலாம்னா ஒரு நாள் கூலி போச்சு. எப்படியும் ஆம்பளைங்க வந்து உக்கார்ற ஒரே எடம் ஞாயித்துக்கிழமை காலைல சலூன் தான், அதனால அங்கயே பிபி பாக்கலாம்னு இருக்கோம்.

பிபி பாக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் முதுக சாச்சிக்கினு, கால தரையில வெச்சிக்கினு, பேசாம உக்காந்திருக்கணும், அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் டீ, பீடி ரெண்டும் கூடாது. சலூன் பெஞ்சு அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு (பேசாம இருக்கறது தான் கஷ்டம்). ரிட்டையர் ஆன நர்ஸக்கா ஒருத்தங்க காசு வாணாம், நானே வந்து பாக்குறேன்னு சொல்லிட்டாங்க. போன மாசம் இரவல் மிஷின வெச்சி பாத்தோம், ஒருத்தருக்கு 178/110. "மிஷின் ரிப்பேருப்பா"ன்னு சிரிச்சாரு. அஞ்சு நிமிசம் விட்டு இன்னொரு கையில பாத்தா 174. அப்பறம் அவரு சிரிக்கல. அவருக்கு தலவலி கெடையாது, மயக்கம் கெடையாது, ஒண்ணுமே தெரியல, அது தான் இதுல ஆபத்தே.

140/90க்கு மேல இருந்தா சீட்டு எழுதி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், அங்க மாத்திரை ஃப்ரீ. நாங்க மாத்திரை குடுக்க மாட்டோம், அது எங்க வேலை இல்ல. சுகரும் பாப்போம். பீடி, ஹான்ஸ் புகையிலை போடுறவங்க வாய்ல வெள்ளையா படை, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருக்கான்னும் பாப்போம். ராத்திரில நாலு தடவ ஒண்ணுக்கு எழுந்து போற நைனாங்க வயசாச்சுன்னு விட்டுடாதீங்க, அக்கா கிட்ட கூச்சமா இருந்தா எங்க வசூல் கமிட்டில ஆம்பளைங்க இருக்கோம்.

2003ல ஆஸ்திரேலியால ஆரம்பிச்சி நவம்பர் மாசத்துல மீசை வளத்து இதே மாதிரி ஆம்பளைங்க உடம்பு நலத்துக்கு வசூல் பண்றாங்களாம். நம்மூர்ல மீசைக்கு இன்னா பஞ்சம், அதனால நேரா காசே கேக்குறோம்.

பிபி மிஷின் ரெண்டு, குண்டு கைக்கு பெரிய பட்டை ஒண்ணு, சுகர் மிஷின், ஒரு வருசத்துக்கு ஸ்ட்ரிப், ஆளுக்கொரு புது ஊசி, குத்தி முடிச்ச ஊசிய போட்டு வெக்கிற டப்பா எல்லாம் சேத்து 38,000 ஆவுது. கையில 11,500 இருக்கு, அதுல 1,000 சலூன்கார அண்ணன் குடுத்தது. ஐம்பது ரூபாயா இருந்தாலும் சரி, சலூன்ல குடுத்து ரசீது வாங்கிக்கோங்க, ஜிபே நம்பர் தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்கோம். மாசா மாசம் கணக்கு எழுதி சலூன் கண்ணாடி பக்கத்துலயே ஒட்டுவோம், முடி வெட்டிக்கினே படிச்சிக்கலாம்.

காசு முடியலன்னா வீட்ல சும்மா கெடக்குற பெஞ்சு இருந்தா குடுங்க, இப்ப இருக்கறதுல மூணு பேரு தான் உக்கார முடியுது.