கிளினிக் குழுவில் நமக்கும் இடம் உண்டு

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கிளினிக்குகளில் உள்ள நெரிசல் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மருந்தும் ஆளும் போதவில்லை, மாகாண அரசு கூடுதலாக நிதி ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் அதைக் கேட்பதற்கான இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 42ஆம் பிரிவில், கிளினிக்குகளுக்குக் குழு அமைக்க மாகாணச் சட்டம் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதில் நகரமன்ற உறுப்பினர், கிளினிக் தலைவர் ஆகியோருடன் அங்கே சிகிச்சை பெறும் மக்களில் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். என் தாயாரின் நீரிழிவு மாத்திரைக்காக எங்கள் பகுதிக் கிளினிக்குக்கு விடியுமுன்பே போய் நிற்கிறேன். அந்தக் குழுவில் இருப்பது யார் என்று வரிசையில் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஏனென்றால் மக்கள் பேசினால் கொள்கை மாறும். 2018 ஏப்ரலில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்ததே, அதற்குமுன் மக்கள் அமைப்புகள் நாடாளுமன்ற விசாரணைகளில் போய் வாதாடின.

ஒவ்வொரு கிளினிக்கும் குழு உறுப்பினர்களின் பெயரையும் அடுத்த கூட்ட நாளையும் வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். அப்புறம், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் கோயில் சங்கங்களும் தமிழ்ச் சங்கங்களும் தங்கள் பிரதிநிதி ஒருவரை முன்மொழியட்டும். முடிந்தால், அதே வரிசையில் நின்று மருந்து வாங்கும் ஒருவரையே.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த்