உள்ளேன் ஐயா

அன்புள்ள மகன் செந்திலுக்கு,

பேரனின் திக்குவாயை வகுப்புப் பிள்ளைகள் பேசிக்காட்டிக் கேலி செய்வதால், திங்கட்கிழமை தோறும் அவனுக்கு வயிறு வலிக்கிறது என்று நேற்று நீ சொன்னபோது, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். இரவெல்லாம் உறக்கமில்லை. 1994இல் உனக்கும் அதைத்தான் சொன்னேன்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது, வருகைப் பதிவேட்டில் உன் பெயரை வாசித்ததும் "உள்ளேன் ஐயா" என்பதன் முதல் எழுத்திலேயே நீ திணறி நிற்பாய் என்றும், பின்வரிசைப் பிள்ளைகள் "உ... உ... உ..." என்று சேர்ந்து கத்துவார்கள் என்றும், ஆசிரியரும் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார் என்றும் உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "ஆம்பளப் பிள்ளை இதற்கெல்லாம் கலங்கலாமா, காதில் போட்டுக்கொள்ளாதே" என்றேன். மற்றப் பேச்சில் வாயில் வராத சொல்லுக்கு வேறொரு சொல்லை வைத்துத் தப்பிக்கலாம். தன் பெயரையும் "உள்ளேன் ஐயா"வையும் மாற்றிச் சொல்ல வழியே இல்லை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதன்பின் நீ கடைக்குப் போக மறுத்தாய், உறவினர் வந்தால் மாடிக்குப் போய்விட்டாய், விடை தெரிந்த கேள்விக்கும் கை தூக்காமல் இருந்தாய். அதற்குக் கூச்ச சுபாவம் என்று பெயர் வைத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதற்காக என்னை மன்னித்துவிடு.

திக்குவாய் பயத்தால் வருவதன்று, உங்கள் வளர்ப்பின் குறையுமன்று. ஆனால் கேலிக்கு அஞ்சி ஒடுங்கும் பிள்ளைக்குத் திக்கல் கூடத்தான் செய்யும். "மெதுவாகப் பேசு" என்று வீட்டில் யாரும் அவனைத் திருத்த வேண்டாம். பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் அழைத்துப் போ. பள்ளிக்கு நேரில் சென்று, நடந்ததைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடு. குழந்தையை மனத்தளவில் துன்புறுத்தக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அவர்கள் தட்டிக் கழித்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. கேலி செய்கிறவர்களும் ஏழு வயதுப் பிள்ளைகளே என்பதால் தண்டனை கேட்காதே. வகுப்பாசிரியர் அவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும், வருகைக்கு அவன் கையை மட்டும் உயர்த்தினால் போதும் என்று வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தொலைபேசியில் என்னோடு பேசச் சொல். அவன் சொல்லை நானாக முடிக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா