குளோவர் விதையும் பழைய உழவரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை உரம் பரவுவதற்கு முன், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணை வளப்படுத்திய சிவப்புக் குளோவர் என்னும் கால்நடைத் தீவனப் பயிரின் விதை, அதை விளைவித்த உழவருக்குத் தனி வருமானமாகவும் இருந்ததை வேளாண் வரலாறு எழுதுவோர் விட்டுவிடுவது வருத்தமளிக்கிறது. கடுகளவே உள்ள, மஞ்சளும் ஊதாவும் கலந்த அவ்விதை ஒரு கிலோவில் ஏறத்தாழ 5 முதல் 6 லட்சம் எண்ணிக்கை இருக்கும். உமியிலிருந்து அதைப் பிரிப்பதே பெரும்பாடு. அம்மையார் கூந்தல் என்னும் ஒட்டுண்ணிக் கொடியின் விதை கலந்திருந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்பதால், சாக்கின் வாயைக் கட்டுமுன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பது அவசியமாயிற்று. நியூசிலாந்திலோ, மகரந்தம் சேர்க்கப் பம்பிள் தேனீக்கள் இல்லாமல் விதை சரியாகப் பிடிக்கவில்லை. அதற்காகவே 1885-இல் இங்கிலாந்திலிருந்து அவற்றைக் கொண்டுசென்று விட்டார்கள். இத்தகைய செய்திகளுக்கும் தங்கள் வேளாண் பக்கத்தில் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்