பெறுநர் தொடாத கோப்புக்கு ‘பதிவிறக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஒருமுறை மட்டுமே திறக்கும் இணைப்புகளை மின்னஞ்சல் பாதுகாப்பு ஸ்கேனர்கள் செலவழித்துவிடுவது குறித்து

ஐயா / அம்மையீர்,

மூன்று ஆண்டுகளாக உங்கள் கோப்புப் பகிர்வுச் சேவையின் கட்டணத் திட்டத்தில் இருக்கிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில். சென்ற செவ்வாயன்று ஓர் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பை, ஒருமுறை மட்டுமே இறக்கக்கூடிய இணைப்பாக, வாடிக்கையாளரின் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அனுப்பியது காலை 10:42. ‘உங்கள் கோப்பு பதிவிறக்கப்பட்டது’ என்று உங்கள் அறிவிப்பு வந்ததும் 10:42. சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மதியம் அவர் கூப்பிட்டார். “இணைப்பு காலாவதி என்று வருகிறதே, எப்போதுதான் அனுப்பப் போகிறீர்கள்?” நீங்கள்தான் காலையிலேயே இறக்கிவிட்டீர்களே என்றேன். காலை முழுக்கக் கூட்டத்தில் இருந்தேன் என்றார். எங்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சற்று நேரம் இருவருமே நினைத்தோம்.

உங்கள் உதவிப் பிரிவைக் கேட்டால், “பெறுநர் பதிவிறக்கிவிட்டார், புதிய இணைப்பை உருவாக்கிக்கொள்ளவும்” என்று ஒரு வரிப் பதில். பதிவேட்டை நானே திறந்து பார்த்தேன். 10:42:09. ஐபி முகவரி ஏதோ ஒரு தரவு மையத்தினுடையது. வாடிக்கையாளர் அலுவலகத்தின் கணினிப் பிரிவைக் கேட்டதும் விஷயம் புரிந்தது: வரும் மின்னஞ்சல்களில் உள்ள இணைப்புகளையெல்லாம், அஞ்சல்பெட்டியில் சேர்க்கும் முன்பே அவர்களின் பாதுகாப்பு மென்பொருள் திறந்து பார்த்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். திறக்காமல் எப்படி வைரஸைக் கண்டுபிடிப்பது?

குறை உங்களிடம்தான். இணைப்பை யார் திறந்தாலும் கோப்பைக் கொடுத்து, அந்த ஒருமுறை தீர்ந்தது என்று கணக்கையும் முடித்துவிடுகிறீர்கள். இணைப்பைத் திறக்கும்போது தளத்துக்குப் போகும் ‘கெட்’ கோரிக்கை பார்ப்பதற்கு மட்டும். அதனால் எதுவும் அழியவோ தீரவோ கூடாது என்பது வலையின் பழைய விதி. 2005-இல் உலாவலை வேகப்படுத்த வந்த கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள் பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவைக்கப் போய், சில தளங்களில் ‘நீக்கு’ இணைப்புகளையும் சேர்த்துத் திறந்தது. மின்னஞ்சல் பட்டியலிலிருந்து விலகும் இணைப்புகளுக்கும் இதே தொல்லை இருந்ததால்தான், ஒரே சொடுக்கில் விலகுவதை ‘போஸ்ட்’ கோரிக்கையாக, அதாவது மாற்றம் செய்யச் சொல்லும் கோரிக்கையாக, 2017-இல் ஆர்எஃப்சி 8058 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்தது. நீங்களும் கோப்பின் பெயரோடு ஒரு பக்கத்தைக் காட்டி, ‘பதிவிறக்கு’ பொத்தானை அழுத்திய பிறகு கணக்கில் வைக்கலாமே. பொத்தானையே அழுத்திப் பார்க்கும் ஸ்கேனர்களும் உண்டு. ஆகவே தனியாக அனுப்பும் ஒரு குறியெண்ணையும் கேளுங்கள்.

இரண்டாவது இணைப்பை அரட்டைச் செயலியில் அனுப்பினேன். இணைப்பின் முன்னோட்டத்தைக் காட்டுவதற்காக அதைத் திறந்த செயலியின் இயந்திரம் அதையும் தீர்த்துவிட்டது. கடைசியில், ஏழு நாள் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய சாதாரண இணைப்பாக அனுப்பினேன். எந்தப் பாதுகாப்புக்காகக் காசு கட்டுகிறேனோ அதை அணைத்தால்தான் உங்கள் சேவை வேலை செய்கிறது!

‘பதிவிறக்கப்பட்டது’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைத்தான் வேலையை ஒப்படைத்ததற்குச் சான்றாக நம்பி நான் பில் அனுப்புகிறேன். இயந்திரம் எடுத்ததா, மனிதர் எடுத்தாரா என்று தெரியாதபோது அப்படி எழுதாதீர்கள். செவ்வாய்க்கிழமைப் பதிவேட்டைத் திருத்துங்கள். அதைப் பதிவிறக்கியவர் பெறுநர் அல்ல என்று என் வாடிக்கையாளரிடம் காட்ட எழுத்துபூர்வமாக ஒரு கடிதமும் தாருங்கள்.

பதிவேட்டின் படத்தை இந்த மின்னஞ்சலிலேயே ஒட்டியிருக்கிறேன். உங்கள் தளம் வழியாக அனுப்பத் துணிவில்லை.

இப்படிக்கு,
கட்டணத் திட்ட வாடிக்கையாளர்