கேபிள் அறுந்த கதவுக்குக் கீழே நிற்காதே

அன்பு முரளிக்கு,

அம்மாவுக்கு விசா வந்துவிட்டது என்று படித்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், அடுத்த வரியில் கராஜ் கதவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவைத் தூக்கும் இரண்டு இரும்புக் கயிறுகளில் வலது பக்கக் கேபிள் அறுந்து, கதவு அந்தப் பக்கம் சரிந்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சிக்கி நிற்கிறது. "புதுக் கேபிள் வாங்கி மாட்டினால் போதாதா, அரை மணி நேர வேலைதானே?" என்று கேட்டிருக்கிறாய். கேபிள் மாட்டுவது அரை மணி வேலைதான். ஆனால் அதற்கு முன்னால், கதவின் எடையைத் தாங்க மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கியாக வேண்டும். ஆளைக் கொல்லக்கூடியது அதுதான்.

முதலில் இன்று ராத்திரிக்குச் செய்ய வேண்டியது. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடு. "யாரும் பட்டனைத் தொடாதீர்கள்" என்று வீட்டில் சொல்லிவைத்தால் போதாது, பழக்கதோஷத்தில் யாராவது அமுக்கிவிடுவார்கள். சரிந்த கதவை மோட்டார் இழுத்தால் கதவோரச் சக்கரங்களான ரோலர்கள், அவை ஓடும் டிராக்கை விட்டு வெளியே வந்துவிடும். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றையும் இழுக்காதே. கரண்ட் போனால் அதை இழுத்துத்தானே திறக்கிறோம் என்று தோன்றும். இப்போது கதவைப் பிடித்து வைத்திருப்பவற்றில் அந்த மோட்டார்க் கொக்கியும் ஒன்று, அதை விடுவித்தால் கதவு மொத்தமாகக் கீழே வரலாம்.

பிறகு இரண்டு பக்க டிராக்கிலும், அடி ரோலருக்குச் சற்றுக் கீழே ஒரு வைஸ் கிரிப்பை (பிடித்ததை விடாமல் பூட்டிக்கொள்ளும் குறடு) இறுக்கிப் பூட்டு. இடது பக்கம் மட்டும் ரோலருக்கு மேலேயும் இன்னொன்று போடு. ஸ்பிரிங்கின் இழுப்பு முழுவதும் இப்போது இடது கேபிளில் இருக்கிறது, அந்தப் பக்கம் திடீரென்று மேலே எகிறக்கூடும். கதவின் இரு ஓரத்துக்கும் உயரம் அளந்து வெட்டிய, 'இரண்டுக்கு நாலு' எனும் கனத்த மரக்கட்டையை முட்டுக்கொடு. எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளிருந்து போய், பக்கவாட்டில் நின்று செய். குனிந்து அடியில் நுழைந்து வெளியே போகிற வேலை வேண்டாம். காரை மறந்துவிடு, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஊர்க் கிணற்று ராட்டினத்தில் கயிறு அறுந்தால் வாளி விழும், அதோடு கதை முடிந்தது. இங்கே கதவு வாளி என்றால், அதன் எடைக்குச் சமமான எதிர்விசை மேலே ஸ்பிரிங்கில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கயிறு அறுந்தாலும் அந்த முறுக்கு போய்விடாது. ஏழடி உயரக் கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கில் பொதுவாக ஏழரைச் சுற்று இருக்கும். ஸ்பிரிங்கோடு ஒரே ஷாஃப்டில் (கதவுக்கு மேலே உள்ள குழாய்) சுழலும் நாலங்குல உருளையான டிரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஓரடி கேபிளைச் சுருட்டும். உன் கதவு மூன்றடி ஏறியிருக்கிறது, அப்படியானால் ஏழரையில் மூன்று போக நாலரைச் சுற்று இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. 'ஸ்க்ரூடிரைவரை விட்டுச் சுழற்றிப் பார்க்கட்டுமா' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்துத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஸ்பிரிங்கின் முனையில் இருக்கும் கூம்புத் துண்டான கோனில் உள்ள துளை அரை அங்குலம். அதில் கடைசிவரை இறுக்கமாகப் போய் உட்கார 18 அங்குல நீள இரும்புத் தண்டு இரண்டு வேண்டும். ஸ்க்ரூடிரைவர் துளையில் ஆடும், பாதியில் வழுக்கும். வழுக்கினால் அது முகத்தை நோக்கித்தான் வரும்.

அதேபோல் கதவின் கீழ் மூலையில் கேபிள் மாட்டியிருக்கும் பிராக்கெட். இடது பக்க பிராக்கெட்டின் ஸ்க்ரூவை இப்போது கழற்றினால் நாலரைச் சுற்றின் மொத்த விசையும் அந்தத் தகட்டை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மேலே போகும். பல கதவுகளில் அந்த ஸ்க்ரூக்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருப்பது அழகுக்காக அல்ல.

ஆகவே ஸ்பிரிங் வேலைக்கு ஆளைக் கூப்பிடு. ஆனால் அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவு வைஸ் கிரிப்பில் நிற்கும்போதே, இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக, கால் சுற்றுக் கால் சுற்றாக அவர் இறக்குவார். ஒரு தண்டு துளையை விட்டு வெளியே வருவதற்குள் மற்றது உள்ளே போயிருக்கும், அவர் நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்பார். முறுக்கு இறங்கிய பிறகு கதவு வெறும் எடைதான். இன்சுலேஷன் உள்ள 16 அடிக் கதவு 200 பவுண்டு பக்கம் வரும், அதைத் தரைக்கு இறக்க இரண்டு பேராவது வேண்டும். ஒரே ஆளாக வந்தால் நீ கை கொடு.

கேபிளை ஒரு பக்கம் மட்டும் மாற்ற விடாதே. இரண்டும் ஒரே வயது, ஒரே உப்பு தின்றவை. ஏழடிக் கதவுக்கு, டார்ஷன் ஸ்பிரிங் (முறுக்குகிற வகை) என்றால், ஒரு கேபிள் எட்டரை அடி, அதாவது கதவின் உயரத்தோடு ஒன்றரை அடி கூட்டிக்கொள். பழையதன் தடிமனை அளந்து அதையே வாங்கு. இலேசான கதவுக்கு 3/32 அங்குலம், கனமானதற்கு 1/8 இருக்கும். தடிமனை மாற்றினால் டிரம்மின் பள்ளத்தில் சரியாக உட்காராது. கீழே கண்ணியைப் பிராக்கெட்டில் மாட்டி, ரோலர் தண்டுகளுக்கும் சுவருக்கும் நடுவே மேலே கொண்டுபோக வேண்டும். தண்டுக்கு முன்பக்கமாகப் போனால் கதவு ஏறும்போதெல்லாம் உரசி, சீக்கிரமே மறுபடி அறும். இரண்டு டிரம்மையும் இறுக்கியதும் கேபிள்களைத் தந்தி மாதிரி சுண்டிப் பார். ஒரே சுதியில் பேச வேண்டும். ஒன்று தொளதொள என்றிருந்தால் எதிர்ப்பக்க மூலை தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும், நாளாக நாளாக தொளதொளத்த கேபிள் டிரம்மை விட்டே இறங்கிவிடும். அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும், 30 கால் சுற்று, அதாவது ஏழரைச் சுற்று, எண்ணி. கோனை ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் செட் ஸ்க்ரூ ஷாஃப்டைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். வெறி பிடித்து இறுக்கினால் உள்ளீடற்ற ஷாஃப்ட் நசுங்கிவிடும்.

முடிந்ததும் வைஸ் கிரிப்புகளைக் கழற்றச் சொல். அதை மறந்துவிட்டு மோட்டாரைப் போட்டால் கதவின் மேல் பலகை மடங்கிவிடும். மோட்டாரைப் பூட்டாமல், கையால் கதவைப் பாதி உயரத்துக்குத் தூக்கி மெல்ல விடுங்கள். அங்கேயே நின்றால் சரி. இறங்கினால் முறுக்கு போதவில்லை, ஏறினால் அதிகம்.

இனி அது ஏன் அறுந்தது என்பது. புதிய 3/32 கேபிள் 900 பவுண்டுக்கு மேல் தாங்கும். உன் கதவில் பாதி எடைதான் ஒரு கேபிளுக்கு. அதனால் வெறும் எடையால் அறுவதற்கு வழியில்லை. கனடாவில், உன் பிராம்ப்டனில் நீ நாலு மாதம் காரோடு கராஜுக்குள் கொண்டுவருவது பனி மட்டுமல்ல, சாலையில் தூவிய உப்பும்தான். அது உருகி, கதவோரம் ஓடி, கீழ் மூலையில் தேங்கும். கேபிளின் கடைசி ஆறங்குலம் அதில்தான் ஊறுகிறது. வெளிக்கம்பிகள் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துருப் பிடித்திருக்கும். மாதம் ஒருமுறை, கதவு மூடியிருக்கும்போது, டார்ச் அடித்து அந்த ஆறங்குலத்தை மட்டும் பார். செம்பழுப்புத் தூள், மயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி, இரண்டில் ஒன்று தெரிந்தாலும் கேபிள்களை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வெறும் விரலால் தடவாதே, அந்தக் கம்பி ஊசி மாதிரி ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேபிளும் கிடைக்கிறது. உன் ஊருக்கு, விலை கொஞ்சம் கூடினாலும், அதைத்தான் நான் வாங்குவேன்.

உப்பு இல்லையென்றால் இன்னொரு காரணம் இருக்கலாம்: கதவு இறங்கும்போது சைக்கிளோ பனி அள்ளும் மண்வெட்டியோ தடுத்து, கேபிள் தளர்ந்து டிரம்மின் விளிம்பில் ஏறி, ஷாஃப்டோடு சேர்ந்து நசுங்கியிருக்கும். அறுந்த முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழுப்பாக, துடைப்பம் மாதிரி விரிந்திருந்தால் துரு. தட்டையாக நசுங்கிப் பளபளத்தால் டிரம். டிரம் என்றால் அதையும் மாற்றச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அந்த ஆள் வந்து பழைய கேபிளைக் குப்பையில் போடுவதற்குள் இரண்டு முனையையும் கிட்டத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பு. அம்மா எந்தத் தேதிக்கு வருகிறார் என்றும் எழுது.

அன்புடன்,
சேகர்